இராணுவத்தில் நம் பிள்ளைகள் எங்கே?

(தஞ்சை மாவட்டம் அய்யம்பேட்டையில் இளைஞர்களும் வணிகர்களும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரை)



நடவு வயலில் குனிந்து நிற்பவரும் நிமிர்ந்து பார்க்கும்படி தஞ்சை வானில் சுகோய் விமானங்கள் உறுமுகின்றன. இரண்டாம் உலகப் போர்க் காலத்து ஓடுதளம் 2013-இல் விமானப்படைத் தளமாயிற்று. 2020 ஜனவரியில் பிரமோஸ் ஏவுகணை தாங்கும் சுகோய்-30 படைப்பிரிவு வந்து சேர்ந்தது. தென்னிந்தியாவில் அதுவே முதல் சுகோய் பிரிவு. நாட்டின் தென்கடலைக் காக்கும் படை நம் கொல்லைப்புறத்தில் இருக்கிறது. அதற்குள் நம் வீட்டுப் பிள்ளைகள் எத்தனை பேர்?

இதற்கு விடை தேடுமுன் மேற்கு ஆப்பிரிக்கா வரை போய் வருவோம். படையில் யார் யார் இருக்கிறார்கள் என்ற கேள்விக்காக இரத்தம் சிந்திய நாடு நைஜீரியா. 1966 ஜனவரியில் இளம் அதிகாரிகள் சிலர் ஆட்சியைக் கவிழ்த்தார்கள். பிரதமர் அபூபக்கர் தஃபாவா பலேவாவும் வடபகுதித் தலைவர் அஹ்மது பெல்லோவும் கொல்லப்பட்டனர். கவிழ்த்தவர்களில் பெரும்பாலோர் இக்போ இனத்தவர் என்று வடபகுதி வீரர்கள் கொதித்தார்கள். ஜூலையில் எதிர்ப்புரட்சி நடந்தது. 1967 முதல் 1970 வரை பியாஃப்ரா போர். இலட்சக்கணக்கானோர் மாண்டார்கள், அவர்களில் பெரும்பாலோரைக் கொன்றது பட்டினி. படையின் அதிகாரிகளும் வீரர்களும் நாட்டின் எல்லாப் பகுதி மக்களையும் பிரதிபலிக்க வேண்டும் என்று அவர்களுடைய 1999 அரசியல் சட்டம், 217-ஆம் பிரிவில் எழுதி வைத்திருக்கிறது.

எழுதினால் மட்டும் போதுமா? 2009-இல் போகோ ஹராம் ஆயுதம் தூக்கியது. மைதுகுரி நகரில் யார் அப்பாவி, யார் ஆயுததாரி என்று வெளியூர்ப் படையினருக்குப் புரியவில்லை. இளைஞர்களைக் கூட்டம் கூட்டமாகப் பிடித்துப் போனார்கள். 2013-இல் அந்த ஊர் முஸ்லிம் இளைஞர்களே தடியும் கத்தியுமாகக் கிளம்பி, ஆளை அடையாளம் காட்டி, கொலைகாரர்களை நகரைவிட்டு விரட்டினார்கள். (அவர்கள் மீதும் பின்னர் அத்துமீறல் புகார்கள் வந்தன. அதையும் மறைக்கக் கூடாது.) மண்ணை அறிந்தவன் படையில் இல்லாவிட்டால் துப்பாக்கிக்குக் கண் இல்லை.

இனி நம் கதை. சச்சார் குழு 2006-இல் அறிக்கை தந்தது. ஐ.ஏ.எஸ்., ஐ.பி.எஸ்., இரயில்வே வரை நம் பங்கு எவ்வளவு என்று எண்ணிச் சொன்னது. முப்படைகளின் கணக்கு மட்டும் அதில் இடம்பெறவில்லை. கேட்டதற்கே கூச்சல் எழுந்தது! எண்ணுவதால் படை பிளவுபடும் என்றால், எண்ணாமல் விட்டதால் நமக்கு வந்த ஐயம் தீர்ந்துவிட்டதா?

தியாகத்தில் நாம் குறைந்தவர்கள் அல்லர். பாகிஸ்தான் அழைத்தும் போகாத பிரிகேடியர் முகமது உஸ்மான் 1948 ஜூலை 3-இல் காஷ்மீர் மண்ணில் ஷஹீதானார். தையல்காரர் மகன் அப்துல் ஹமீது 1965-இல் ஜீப்பில் பொருத்திய பீரங்கியால் பேட்டன் டாங்கிகளை உடைத்தார்; இறந்தபின் பரம்வீர் சக்கரம் பெற்றார். 2025 மே மாதம் நாட்டுக்குப் போர்ச் செய்தி சொன்னவர் கர்னல் சோஃபியா குரேஷி. அவரைப் பற்றி ஓர் அமைச்சர் தகாத பேச்சுப் பேசியபோது, வழக்குப் பதியச் சொன்னது மத்தியப் பிரதேச உயர்நீதிமன்றம்.

தடைகள் உண்டு. விமானப்படையில் தாடி வைக்க உரிமை கேட்ட சகோதரரின் வழக்கை 2016-இல் உச்சநீதிமன்றம் தள்ளியது. அந்த வருத்தம் எனக்கும் உண்டு. ஆனால் தாடி முளைக்காத நம் பிள்ளைகளும் போகவில்லையே, அது யார் குற்றம்? பாஸ்போர்ட் வந்ததும் சபருக்கு அனுப்பத் துடிக்கும் அத்தாமார்களைத்தான் கேட்கிறேன்.

2022 முதல் அக்னிவீர் திட்டம். நான்கு ஆண்டு, அதன்பின் நால்வரில் ஒருவருக்கே நிரந்தரம். இது நல்ல திட்டம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் திரும்பி வருபவன் கையில் பதினோரு இலட்சத்துக்கு மேல் சேவா நிதி இருக்கும். கடை வைக்க அது முதலாகும். பத்தாம் வகுப்புத் தேறினால் பொதுப்பணி வீரர் பிரிவுக்கு விண்ணப்பிக்கலாம். கணினித் தேர்வைத் தமிழிலேயே எழுதலாம். நம் மாவட்டத்துக்கு ஆள்சேர்ப்பு அலுவலகம் திருச்சியில் இருக்கிறது.

அதன்பின் ஓட்டம்: 1,600 மீட்டரை ஐந்தரை நிமிடத்தில் முடித்தால் முழு மதிப்பெண். ஜமாஅத் நிர்வாகிகளே, ஃபஜ்ருக்குப் பின் மதரஸா மைதானத்தின் பூட்டைத் திறந்துவிடுங்கள். கடைக்கார அண்ணன்மாரே, ஓட வரும் பையன்களுக்குக் காலணி வாங்கிக் கொடுக்கும் செலவை நீங்கள் ஏற்றுக்கொள்ளுங்கள்.