இடம் காலி அல்ல



தோட்டத்து ஆஸ்பத்திரி வண்டி நிற்கும் இடம் வெறுமையாக இருக்கிறதென்று அங்கே சைக்கிளை விடலாமா?

ஆலை இயந்திரங்கள் சிலவற்றில் ஒரே சில்லுக்குள் இரண்டு செயலிகள் உண்டு. ஒன்றில் 1991-இல் பின்லாந்து மாணவர் லினஸ் தோர்வால்ட்ஸ் தொடங்கிய லினக்ஸ் ஓடும். அது கணக்கையும் செய்தியையும் கவனிக்கும். மற்றது மோட்டாருக்கு நேரம் தவறாமல் கட்டளை அனுப்பும். அதன் கம்பி செருகும் போர்ட்டையும் லினக்ஸ் எடுத்துக்கொண்டால் கட்டளை பிந்தும், இயந்திரம் தடுமாறும், அருகே நிற்பவருக்கு ஆபத்து.

ஆகவே, 'டிவைஸ் ட்ரீ' என்னும் உறுப்புப் பட்டியலில் அந்தப் போர்ட்டுக்கு நேரே 'ரிசர்வ்ட்' என்று எழுதுகிறார்கள். பழுதில்லை, ஆனால் பிறருக்கு உரியது என்பது பொருள். லினக்ஸ் அதைத் தொடாது.

பிள்ளைகளே, ஒதுக்கி வைத்த இடம் காலி இடமல்ல.