விளக்கு அணைந்த வீடு



டென்னசி வில்லியம்ஸ் எழுதிய 'கண்ணாடி விலங்குகள்' என்ற அமெரிக்க நாடகம் 1944-இல் சிகாகோவில் அரங்கேறியது.

தந்தை கைவிட்டுப் போன குடும்பம். தாய் அமாண்டா இளமைக்காலப் பெருமையிலேயே வாழ்கிறாள். கால் ஊனமுற்ற மகள் லாரா கண்ணாடிப் பொம்மைகளோடு ஒதுங்கிவிடுகிறாள். காலணிக் கிடங்கில் உழைக்கும் தம்பி டாம், இரவானால் சினிமாவுக்கு ஓடுகிறான்.

லாராவுக்கு வரன் அமையுமென்று டாமின் நண்பனை விருந்துக்கு அழைக்கிறார்கள். சாப்பாட்டு வேளையில் விளக்கு அணைகிறது. ஏன்? மின்சாரக் கட்டணப் பணத்தைக் கொண்டு டாம் மாலுமிகள் சங்கத்தில் சேர்ந்துவிட்டான்! வந்தவனுக்கோ வேறொரு பெண் நிச்சயமாகியிருந்தாள்.

டாம் வீட்டைவிட்டுப் போகிறான். அக்காளின் நினைவு அவனை விடவில்லை.

உழைத்துக் களைத்தவர் கனவு காண்பது குற்றமன்று. தனித்தனியே கண்ட கனவுதான் அந்த வீட்டை இருட்டாக்கியது. நம் வீட்டிலாவது மனம்விட்டுப் பேசுவோம்.