ஒரே வருஷம், எத்தனை எண்!

(முன்னாள் மாணவர் சங்கமத்தில் ஆற்றிய உரை)



காலையில் பதிவு மேசையில் ஒரு சின்னச் சண்டை. நான் '2009 பேட்ச்' என்றேன். நாலு வருஷம் என் பக்கத்தில் உட்கார்ந்தவன் '2013 பேட்ச்' என்கிறான்! நான் சேர்ந்த வருஷத்தைச் சொன்னேன், அவன் முடித்த வருஷத்தை. பட்டியலில் ஆளுக்கொரு பக்கம். இது நமக்கு மட்டும் வந்த குழப்பம் இல்லீங்க.

அரக்கோணம் பக்கத்தில் தக்கோலம் இருக்கிறதே, அங்கேதான் சோழ இளவரசர் ராஜாதித்தர், ராஷ்டிரகூட மன்னன் மூன்றாம் கிருஷ்ணனோடு நடந்த போரில் யானை மேலேயே உயிர்விட்டார். கி.பி. 949 என்று படித்திருக்கிறோம். அந்தக் காலத்தில் இங்கே யார் 949 என்று எழுதினார்கள்?

கர்நாடகத்தில் ஆதகூர் என்ற ஊரில் கிடைத்த கல் ஒன்று சொல்கிறது. காட்டுப்பன்றியோடு சண்டை போட்டுச் செத்த காளி என்ற வேட்டை நாய்க்கு நட்ட கல்! அதில் தக்கோலப் போரும் வருகிறது. சக வருஷம் 872, சௌமிய என்றும் இருக்கிறது. சகத்தோடு 78 கூட்டினால் 950. ஆனால் அறுபது வருஷச் சுற்றில் சௌமிய 949-ல் அல்லவா தொடங்குகிறது? கல்லில் தப்பில்லை. 871 முடிந்து 872 நடக்கிறது. நம் வீட்டில், "34 முடிஞ்சு 35 நடக்குது" என்று வயசு சொல்வார்களே, அதே கணக்கு. 78 கூட்டுவது முடிந்த வருஷத்துக்கு.

சோழ நாட்டில் ராஜாவின் ஆட்சியாண்டுதான் வழக்கம். அவர் எப்போது பட்டமேறினார் என்று தெரியாவிட்டால் அந்த எண்ணால் பிரயோஜனமில்லை. நல்லவேளை, திருக்கோவிலூர் அருகே கிராமம் என்றே பெயருள்ள ஊரில், ராஜாதித்தரின் படைத்தலைவர் கட்டிய கோயிலில் பராந்தகரின் 36-ம் ஆண்டு, கலி 4044, கலி நாள் 14,77,037 என்று நாள் வரைக்கும் வெட்டி வைத்திருக்கிறார்கள். உட்கார்ந்து கணக்குப் போட்டேன். 943 ஜனவரி 14, சனிக்கிழமை! அப்படியானால் பராந்தகர் பட்டமேறியது 907 வாக்கில். தக்கோலப் போர் அவருடைய 42 அல்லது 43-ம் ஆண்டு. ஹிஜ்ரி 338 பிறந்ததும் அந்த 949 ஜூலையில்தான்.

ஹிஜ்ரி என்றதும் என் கதை ஒன்று. ஆம்பூரில் நான் வேலை பார்க்கும் டேனரியில் தினசரி காலண்டர் தொங்குகிறது. இங்கிலீஷ் தேதி, தமிழ்த் தேதி, ஹிஜ்ரி மூன்றும் ஒரே தாளில். ரம்ஜான் வருஷா வருஷம் 10, 11 நாள் முன்னே வரும். போன வருஷத் தேதியை நினைத்துக்கொண்டு சரக்கு அனுப்பும் நாளை ஒத்துக்கொண்டேன். ஆள் இல்லாமல் நான் பட்ட பாடு!

சங்கத்தாருக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த மலரில் பெயருக்கு எதிரே சேர்ந்த வருஷம், முடித்த வருஷம் இரண்டையும் போடுங்கள். ஆதகூர்க் கல்லில் சகத்தோடு சௌமியவும் இருக்கப்போய்த்தான் 949 என்று நமக்குத் தெரிந்தது.