சலுகை அழைப்புக்கு இரண்டு கட்டணம்

பசறை, லுணுகலை, அப்புத்தளைத் தோட்டங்களிலிருந்து வளைகுடாவுக்கு வேலைக்குப் போன பிள்ளைகளோடு பேசச் சலுகை அட்டை வாங்குகிறீர்களா? அதில் முதலில் ஓர் அணுகல் இலக்கத்தை அழைக்க வேண்டும். பிறகுதான் வெளிநாட்டு இலக்கம். அட்டையில் போட்டிருப்பது வெளிநாட்டு அழைப்பின் விலை மட்டுமே. அணுகல் இலக்கம் 011 என்று தொடங்கினால் அது கொழும்பு இலக்கம். அதற்கு உங்கள் கைபேசியிலும் பணம் கழியலாம். மகள் எடுக்கும் முன்பே, பதிவுக் குரல் பேசத் தொடங்கியதும் கணக்கு ஓடும். கொழுந்து பறித்த காசு இப்படிக் கரைவதைப் பொறுக்க முடியவில்லை. சில அட்டைகளில் இணைப்புக் கட்டணம் தனி; 61 விநாடி பேசினாலும் 2 நிமிடமாகக் கணக்கிடுவது உண்டு. வாங்கும் முன்பே கடைக்காரரிடம் இவற்றைக் கேளுங்கள். முறைப்பாடு இருந்தால் தொலைத்தொடர்பு ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவை 1900 இல் அழைக்கலாம்.