கெர்னலின் வாக்குமூலம்

கோலார் தங்கவயலைப் பற்றிப் பேச வருகிற எவரும் தங்கத்திலிருந்து தொடங்குவதுதான் சம்பிரதாயம். 1880-இல் ஜான் டெய்லர் கம்பெனியார் வந்ததும், 1902-இல் சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்ததும், சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே இறங்கியதும், 2001 பிப்ரவரி 28-ஆம் தேதியோடு வேலை நின்றதும் நம்மில் பலருக்கு மனப்பாடமான வரலாறு. ஆனால் நான் இன்று பேச எடுத்துக்கொண்ட விஷயத்துக்கு, அதே சுரங்கத்தில் தங்கத்தோடு யாதொரு சம்பந்தமும் இல்லாத காரியமாக இறங்கிய சிலரைப் பற்றி முதலில் சொல்வதே பொருத்தம்.

ஹோமி பாபாவின் தூண்டுதலால், டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த ஸ்ரீகண்டன் 1950-களின் தொடக்கத்தில் கருவிகளோடு இந்தச் சுரங்கங்களில் இறங்கினார். ஆகாயத்திலிருந்து ஓயாமல் பொழிகிற காஸ்மிக் கதிர்கள் பூமிக்குள் செல்லச் செல்ல எவ்வளவு குறைகின்றன என்று அளப்பதே நோக்கம். பத்தாண்டுக்குப் பின் ஜப்பானிய விஞ்ஞானி மியாக்கேயும், நரசிம்மம், ரமணமூர்த்தி ஆகியோரும் அந்த அளவையைத் தளம் தளமாக இன்னும் கீழே கொண்டுபோனபோது, மிக ஆழமான இடத்தில் வைத்த கருவி நாட்கணக்காகக் காத்திருந்தும் ஒரு துகளையும் பதிவு செய்யவில்லை. வேறொருவராயின் பிரயாசை வீணாயிற்று என்று மூட்டை கட்டியிருப்பார். அவர்களோ இவ்வளவு நிசப்தமான இடம் உலகில் அரிது, இங்கே எப்போதாவது ஒன்று பதிவானால் அதை நம்பலாம் என்று கண்டுகொண்டார்கள். 1965-இல் டாட்டா நிலையத்தாரும், ஒஸாகா நகரப் பல்கலைக்கழகத்தாரும், இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகத்தாரும் சேர்ந்து, இரண்டே கால் கிலோமீட்டருக்கும் கீழே, வளிமண்டலத்தில் பிறந்த நியூட்ரினோ என்னும் நுண்துகளின் தடயத்தை முதன்முதலாகக் கண்டு வெளியிட்டது அந்த நம்பிக்கையின் பலன்தான்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். லினக்ஸ் முதலான, யூனிக்ஸ் வழியில் வந்த இயங்குதளங்களில், கெர்னல் என்னும் உட்கருவிலும் அதன் கீழுள்ள ஹார்ட்வேரிலும் நேரும் பழுதுகளைக் கண்டறிவது ஒரு தனி வித்தை. நம் தங்கவயலிலிருந்து விடியற்காலையில் மாரிக்குப்பம் ரயிலேறி பெங்களூர் போய் இரவில் திரும்புகிற இளைஞர்களில் சிலருக்கு அது ஜீவனோபாயமும்கூட. அந்த வித்தையின் தரம் என்ன, அதில் மெச்சத்தக்கது எது, போலி எது என்பதே என் பேச்சு.

கெர்னல் என்பது நாம் திரையில் காண்கிற எந்தப் பொருளும் அன்று. நாம் ஏவுகிற மென்பொருளுக்கும், இரும்பும் சிலிக்கானுமாக உள்ளே இருக்கிற பிராஸஸர், ராம், டிஸ்க் ஆகியவற்றுக்கும் நடுவே நின்று, யாருக்கு எவ்வளவு நினைவகம், யார் முறை இப்போது என்று சதா தீர்ப்புச் சொல்லிக்கொண்டிருக்கும் ஒரு நிர்வாகி. யந்திரம் திடீரென்று உறைந்து நின்றால், குற்றம் நிர்வாகியின் கணக்கிலா, அவன் கீழ் வேலை செய்யும் இரும்பிலா என்பதுதான் முதல் கேள்வி. வெளித்தோற்றத்தில் இரண்டும் ஒன்றே போலிருப்பதுதான் இதிலுள்ள சிரமம்.

இந்த நிர்வாகிக்கு நல்லதொரு பழக்கம் உண்டு. தான் விழித்த கணம் முதல் கண்டது கேட்டது யாவற்றையும், எத்தனையாவது வினாடியில் என்ற குறிப்போடு, ஒரு குறிப்பேட்டில் எழுதிக்கொண்டே வரும். டி-மெஸ்க் என்ற கட்டளையைத் தட்டினால் அதை நாம் படிக்கலாம். புதிதாகப் படிக்கிறவன் திகைத்துப் போவான். ஏனென்றால் பூரண ஆரோக்கியமுள்ள கணினியிலும் பயாஸைப் பற்றிய புகார்கள், கிடைக்காத ஃபர்ம்வேரைப் பற்றிய முறையீடுகள், இல்லாத சாதனத்தைத் தேடிக் களைத்த செய்திகள் என்று சிவப்பு வரிகள் ஏராளமாக இருக்கும். கண்ணில் பட்ட முதல் சிவப்பு வரியைக் குற்றவாளியாக்கி, அதன்மேல் ஒரு நாள் முழுவதையும் செலவழித்தவர்களை எனக்குத் தெரியும். தேர்ந்தவன் செய்வது வேறு. யந்திரம் நன்றாக ஓடுகிற நாளிலேயே அந்தக் குறிப்பேட்டின் பிரதியொன்றை எடுத்து வைத்திருப்பான். கெட்ட நாளின் ஏட்டை அதன் பக்கத்தில் வைத்து, நேற்று இல்லாதது இன்று எது என்று மட்டும் பார்ப்பான். நமது சுரங்கத்து விஞ்ஞானிகள் நியூட்ரினோவைத் தேடுமுன் நிசப்தத்தை அளந்து வைத்துக்கொண்டார்களே, அந்த ஒழுங்கு இது. வெறும் எச்சரிக்கை என்று இதைச் சொல்லிவிட முடியாது. இந்த வித்தையில் பாதி இதுதான் என்பது என் அபிப்பிராயம்.

அடுத்தது, புகார் எழுந்த இடத்தையே பழுது உள்ள இடமாகக் கொள்ளாதிருக்கும் விவேகம். ஓட்டு வீட்டில் தண்ணீர் சொட்டுகிற இடத்துக்கு நேர்மேலேதான் ஓடு உடைந்திருக்கும் என்று ஏறிப் பார்க்கிறவன் ஏமாறுவான். நீர் கைமரத்தின் வழியே நெடுந்தூரம் ஓடி வந்திருக்கும். ஏதோவொரு சாதனத்தை இயக்கக் கெர்னலுக்குள் அமர்ந்திருக்கும் டிரைவர் நினைவகத்தின் ஒரு மூலையைக் கெடுத்துவிட்டுச் சத்தமின்றிப் போயிருக்க, அரைமணி கழித்து அந்த மூலையைத் தொட்ட ஏதுமறியாத வேறொரு பகுதி விழுந்து கதறும். ஊப்ஸ் என்று கெர்னல் பதிவு செய்யும் அந்தக் கதறலில் அதன் பெயர்தான் இருக்கும். ஆகவே பல கதறல்கள் இருந்தால் முதலாவதையே படிக்க வேண்டும் என்பது நூலோர் விதி. இதில் எனக்கு மிகப் பிடித்த அம்சம் ஒன்றுண்டு: ஒருமுறை இப்படி விழுந்து எழுந்த கெர்னல், அதன்பின் தான் எழுதுகிற ஒவ்வொரு கதறலிலும் தான் களங்கமுற்றிருப்பதை ஒரு தனி எழுத்தால் குறித்துவிடும். முன்பே அடிபட்டவன் நான், என் பிற்காலச் சாட்சியத்தை முழுதும் நம்பாதீர்கள் என்று தானே சொல்லிக்கொள்கிற சாட்சியை எந்தக் கோர்ட்டில் கண்டோம்!

ஆனால் யந்திரம் முற்றிலும் செத்துப்போகும் வேளையில் அந்த ஏடும் கூடவே போய்விடுகிறது. டிஸ்கில் எழுதி வைக்க அவகாசம் இராது. தங்கவயல்காரருக்கு இந்த நிலைமையை விளக்க வேண்டியதில்லை. ராக் பர்ஸ்ட் என்று நம் தொழிலாளர் அஞ்சிய பாறை வெடிப்பை, அது நிகழ்கிற குகையிலேயே உட்கார்ந்து எழுத யாராலும் ஆகாது. ஆகையால்தான் அதிர்வை உணரும் கருவிகளைப் பல இடங்களில் பதித்துப் பதிவை மட்டும் வேறிடத்தில் வாங்கினார்கள். 1988-இல் இங்கே நிறுவப்பட்ட தேசியப் பாறை இயக்கவியல் நிறுவனம் சிரத்தையோடு வளர்த்த துறைகளில் அதுவும் ஒன்று. கெர்னல் வல்லுநரும் அப்படியே ஸீரியல் கேபிள் வழியாகவோ, நெட்கன்ஸோல் என்ற ஏற்பாட்டின்படி நெட்வொர்க் வழியாகவோ, சாகிற கணினியின் கடைசி வார்த்தைகளை இன்னொரு கணினியில் வாங்கிக்கொள்கிறார்கள். கே-டம்ப் என்ற ஏற்பாடு இன்னும் நூதனமானது: நினைவகத்தின் ஒரு மூலையை முன்னதாகவே ஒதுக்கி, அங்கே இரண்டாவது கெர்னல் ஒன்றைப் படுக்க வைத்திருப்பார்கள். முதலாவது சாய்ந்த கணத்தில் இது விழித்து, முன்னவன் கிடந்த கோலத்தை அப்படியே படியெடுத்து டிஸ்கில் வைத்துவிட்டு, யந்திரத்தை மறுபடி துவக்கிவிடும். பரிசோதகர் மறுநாள் காபி குடித்துக்கொண்டே அந்தப் படியை ஆராயலாம்.

பெரிய விஷயங்களையே பேசிக்கொண்டிருக்கிறேன். நம் ராபர்ட்ஸன்பேட்டையில் ஒரு ஜெராக்ஸ் கடையில் கண்ட சின்னக் காரியம் ஒன்றைச் சொல்கிறேன். கடைக்காரர் பழைய கணினியில் லினக்ஸ் போட்டு வைத்திருந்தார். வாரத்துக்கு இரண்டொரு முறை, வேலை மும்முரத்தில் எதையும் ஸேவ் செய்ய முடியாமல் போகும்; டிஸ்கைப் படிக்கலாம், எழுத முடியாது. பழுது கண்டால் மேலும் கெடாதிருக்க லினக்ஸ் செய்கிற தற்காப்பு அது. பார்த்தவர் எல்லாரும் டிஸ்க் போய்விட்டது என்றார்கள்; புது டிஸ்குக்குக் கடைக்காரர் பணமும் எடுத்து வைத்துவிட்டார். பெங்களூரில் வேலை பார்க்கும் அண்டை வீட்டுப் பையன் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து உட்கார்ந்தான். டிஸ்க் தன்னைப் பற்றித் தானே வைத்திருக்கும் ஸ்மார்ட் என்ற கணக்கை ஒரு கட்டளையால் திரைக்குக் கொண்டுவந்தான். பழுதாகி மாற்றப்பட்ட செக்டார்கள் பூஜ்யம். படிக்க முடியாமல் காத்திருப்பவை பூஜ்யம். ஆனால் 199-ஆம் எண்ணுள்ள வரியில், கேபிளில் வருகிற தகவல் வழியில் சிதைந்த தடவைகளின் எண்ணிக்கை மட்டும் சில நூறு.

“என்னாப்பா, டிஸ்க்கு போச்சா?” என்றார் கடைக்காரர்.

“டிஸ்க்கு நல்லாத்தான் இருக்குண்ணா. வயரை மட்டும் மாத்துவோம். இந்த நம்பரை எழுதி வெச்சுக்குங்க, ஒரு வாரம் களிச்சு ஏறுதான்னு பாப்போம்.”

அந்தக் கணக்கு ஒருபோதும் குறையாது. ஏறாமல் நின்றால்தான் குணம். டிஸ்கோ பவர் சப்ளையோ எதையும் தொடாமல், அற்ப விலையுள்ள ஸாட்டா கேபிளை மட்டும் மாற்றினான். எண்ணைக் கடைக்காரர் பில் புத்தகத்தின் அட்டையில் எழுதிக்கொண்டார். அடுத்த ஞாயிறும் அதே எண். அவன் கேபிளோடு டிஸ்கையும் மாற்றியிருந்தாலும் கணினி ஓடித்தான் இருக்கும்; ஆனால் எதனால் ஓடிற்று என்று ஒருவருக்கும் தெரிந்திராது. ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் மாற்றுவதென்ற இந்த விரதத்தை, அவசரக்காரர் நிறைந்த இந்தத் தொழிலில் வெகு சிலரே காக்கிறார்கள். ரீபூட் செய்து, சரியாகிவிட்டது என்று கையைத் தட்டிக்கொண்டு எழுகிறவரை நான் வல்லுநர் என்று ஒப்புக்கொள்ள மாட்டேன். அவர் சாட்சியை அழித்தவர்.

கெர்னலின் மேலேயே குற்றம் இருக்கும்போது, அதாவது பழைய பதிப்பில் ஓடியது புதியதில் ஓடாதபோது, கிட் பைஸெக்ட் என்ற முறை இருக்கிறது. இரு பதிப்புகளுக்கிடையே பதினாயிரம் மாற்றங்கள் இருந்தாலும், நடுவிலுள்ளதை எடுத்து ஓட்டிப் பார்த்து, நல்லதா கெட்டதா என்று சொல்லிப் பாதியைத் தள்ளிக்கொண்டே போனால், பதினான்கு பரீட்சைக்குள் பழிக்குரிய ஒரே மாற்றம் கையில் சிக்கும். கணிதத்தின் அழகு இதில் இருந்தாலும் பொறுமைதான் இதற்கு மூலதனம். கெர்னலை ஒவ்வொரு முறையும் புதிதாகக் கட்ட வேண்டும்.

எல்லாவற்றிலும் கடினமானது, ஒருமுறை வந்து மறுபடி வராத பழுது. இங்கேதான் காஸ்மிக் கதிர்கள் மீண்டும் நம் கதைக்குள் வருகின்றன. 1978-இல் இன்டெல் கம்பெனியின் மேயும் உட்ஸும், சிப்பை மூடிய பொருளிலேயே கலந்திருந்த கதிரியக்கத்தின் ஆல்ஃபா துகள்கள் நினைவகத்தின் ஒரு பிட்டைப் புரட்டிவிடுவதைக் கண்டார்கள்; மறு ஆண்டே ஸீக்லரும் லான்ஃபோர்டும் காஸ்மிக் கதிர்களும் அதையே செய்யவல்லவை என்று எடுத்துக்காட்டினார்கள். சர்வர்களில் இடுகிற இ.சி.சி. ராம் ஒரு பிட் புரண்டால் தானே திருத்திவிட்டு, கெர்னலின் ஏட்டில் ஹார்ட்வேர் எர்ரர் என்ற முத்திரையோடு ஒரு வரி விழச் செய்யும். இரண்டு பிட் புரண்டால் திருத்த இயலாமல் அறிவிக்கும். இதைக் கேள்விப்பட்ட நாள்முதல், காரணம் புலப்படாத பழுதையெல்லாம் ஆகாயத்தின் மேல் போட்டுவிடுவது சிலருக்குச் சௌகரியமாகிவிட்டது. ஆனால் 2009-இல் பியான்கா ஷ்ரோடரும் கூகுளைச் சேர்ந்த இருவரும் அந்நிறுவனத்தின் கணினிகளை ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்து வெளியிட்ட கட்டுரை, ராம் பலகைகளில் ஆண்டுக்கு நூற்றுக்கு எட்டுக்கு மேற்பட்டவை பிழை காட்டுகின்றன என்றும், அப்பிழைகளில் பெரும்பாலானவை எப்போதோ வந்து போகிறவை அல்ல, அந்தப் பலகையிலேயே உள்ள நிரந்தரக் கோளாறுகள் என்றே தோன்றுகிறது என்றும் சொல்லிற்று. வானத்தைக் குற்றம் சொல்லுமுன், ராமைச் சோதிக்கிற மெம்டெஸ்ட்டை ஓரிரவு ஓடவிட்டுப் பார்ப்பது நியாயம். (கணினியைச் சாம்பியன் ரீஃபின் அடியில் வைத்தால் கதிர்களுக்குத் தப்பலாமே என்று கேட்கிறவருக்கு: தப்பலாம், ஆனால் அங்கே பாறையின் சூடு அறுபது டிகிரிக்கும் மேல், யந்திரம் வேறு காரணத்தால் மாளும்.)

மெம்டெஸ்ட் பழுதைக் காட்டிவிட்டால் பலகையை மாற்றுவது எளிய வழி. ஆனால் இக்காலத்து மடிக்கணினிகள் பலவற்றில் ராமை மதர்போர்டோடு பற்றவைத்துவிடுகிறார்கள். மாற்றுவதென்றால் முழு மதர்போர்டையும் மாற்ற வேண்டும், அதன் விலைக்கு வேறொரு கணினியே வாங்கலாம் என்பார் கடைக்காரர். லினக்ஸ் அங்கேயும் ஒரு வழி வைத்திருக்கிறது. கெட்டுப்போன முகவரி இன்னது முதல் இன்னது வரை என்று மெம்டெஸ்ட் சொன்னதைத் துவக்க வரியில் எழுதிக்கொடுத்துவிட்டால், கெர்னல் அந்தப் பகுதியை யாருக்கும் பங்கிடாமல் ஒதுக்கி வைத்து, மிச்சமுள்ள கோடிக்கணக்கான இடங்களைக் கொண்டு குறையின்றிக் குடித்தனம் நடத்தும். நம்மூரில் அப்படி ஓடுகிற மடிக்கணினி ஒன்றை நான் அறிவேன். அதில் ஒரு பெண் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறாள், ஒதுக்கப்பட்ட அந்தச் சில கிலோபைட்டுகளைப் பற்றி அவளுக்கு ஒன்றும் தெரியாது.