முடக்குற பாட்டா, எழுப்புற பாட்டா?

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர் சொன்னாரு, "சோகப் பாட்டு மனுசனை முடக்கிப் போடும்"னு. ஐயா, நான் பீளமேட்டு மில் தொழிலாளி மகன். எங்களுக்குச் சோறு போட்டது பஞ்சு. அமெரிக்காவில், மிசிசிப்பிப் பக்கத்துப் பருத்திக் காட்டிலேயும் ஒரு பாட்டு வளர்ந்தது. பேரு 'புளூஸ்'. 1865-ல் அடிமை முறை ஒழிஞ்சது. கறுப்பின மக்களோட கஷ்டம் ஒழியலையே! வேலை செய்யும்போது ஒருத்தர் பாட, மத்தவங்க பதில் பாடின பழக்கம்தான் அதுக்கு வேர். முதல் அடியை ரெண்டு தடவை பாடுவாங்க. மூணாவது அடியில் பதில் வரும். சுரத்தைக் கொஞ்சம் இறக்கி, வளைச்சு, இழுத்துப் பாடுவாங்க.

நம்ம ஒப்பாரியும் அப்படித்தானுங்களே! ஒருத்தி எடுத்துக் கொடுப்பா, மத்தவங்க சேர்ந்துக்குவாங்க. எங்க அப்பாரு செத்தன்னிக்கு ஆத்தா ஒப்பாரி வெச்சாங்க. அவர் இருந்தவரைக்கும் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசாதவங்க, பட்ட பாட்டையெல்லாம் ஊர் முன்னால பாடியே சொல்லிட்டாங்க! (கைதட்டல்)

மறுநாள் விடியறதுக்குள்ள எந்திரிச்சு மாட்டுக்குத் தண்ணி காட்டினாங்க. முடக்குற பாட்டா ஐயா அது? எழுப்பி நிக்க வைக்கிற பாட்டு!