நமக்குப்பின் அப்பிள்ளைக்கு யார்?

 

மலைமேல் ஏலத்தோட்டமுடைய நம் பொட்டிபுரத்தாருள், மனவளர்ச்சி குன்றிய பிள்ளையைப் பெற்றோர், தம்பியைத் தமையன் காப்பான் என நம்பி, ஆஸ்தி முழுமையும் மூத்தவன் பேருக்கே எழுதிவிடுதல் உண்டு. தமையன் நல்லவனே, ஆயினும் அவன் கடன்பட்டால் ஏலத்தோட்டமே ஏலத்துக்கு வரும். அவன் காலஞ்சென்றால் அவன் வாரிசுகளைக் கட்டுப்படுத்தப் பத்திரம் ஏது?

ஆகலின், 1882ஆம் வருஷத்து இந்திய டிரஸ்டுச் சட்டப்படி, அப்பிள்ளையின் ஜீவனத்திற்கென ஒரு பாகத்தைப் பதிவுப் பத்திரத்தாலோ உயிலாலோ டிரஸ்டிகள் வசம் ஒப்புவியுங்கள். டிரஸ்டியின் சொந்தக் கடன் அதைத் தீண்டாது. தமையனும் டிரஸ்டியாகலாம், உடன் வேறொருவரையும் சேர்த்தல் நலம்.

மேலும், 1999ஆம் வருஷத்துத் தேசிய டிரஸ்டுச் சட்டப்படி, விண்ணப்பித்தால் ஜில்லாக் குழு காப்பாளரை நியமிக்கும். அவர் 6 மாதத்துக்குள் சொத்து விவரமும், வருஷந்தோறும் கணக்கும் அளித்தல் வேண்டும்.

நாம் உயிரோடிருக்கையிலேயே இதை முடித்தல் பெற்றோர் கடன் என்று கூறி அமைகின்றேன்.